இடப்பக்கக் கதவு

நகம் மாட்டினால் போகாது என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். கீறலுக்குக் குறுக்காக நகத்தை இழுத்துப் பாருங்கம்மா, வழுக்கிக்கிட்டுப் போச்சுன்னா மேலாக்க இருக்கிற கீறல், தேய்ச்சா போயிடும், தட்டி நின்னுச்சுன்னா பெயிண்டுக்கே இறங்கிடுச்சுன்னு அர்த்தம், அதுக்கு நீங்க எத்தனை டப்பா பாலிஷ் வாங்கினாலும் பிரயோஜனமில்ல. ரூபாவதி கருநீலக் காரின் இடப்பக்கக் கதவுக்கு எதிரே பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை அந்தக் கீறலருகே கொண்டுபோய், இழுக்காமலே எடுத்துக்கொண்டாள். முதலில் மற்றதையெல்லாம் தேய்ப்போம். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணி. பெங்களூரிலிருந்து மகள் மது பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள், இருட்டுவதற்குள் வந்துவிடுவாள். வந்தால் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் காரைத்தான் பார்ப்பாள். போன தடவை வந்தபோது பின்கதவின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, புதுசா இருக்கு?" என்று கேட்டவள் அவள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல், "உனக்கு அறுபது ஆச்சும்மா, அப்பாவுக்கு ஆஸ்பத்திரி போய் வர ஒரு டிரைவர் பாத்துக்கோ, இல்ல ரெண்டு பேரும் எங்கூட வந்துடுங்க" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். ஒரு கேள்வியில் தொடங்கி வீட்டைக் காலி பண்ணுவதில் போய் முடிகிற பேச்சு. அதனால்தான் இந்த டப்பாவும், பஞ்சுத் திண்டும், மஞ்சள் துணியும். ஷீட் கூரையின் நிழலில் கார் குளிர்ந்திருந்தது. உலோகம் சூடாக இருக்கும்போது தேய்க்கக் கூடாது என்றும் கடைக்காரன் சொல்லியிருந்தான். உள்ளே கணவர் கோதண்டம் தூங்குகிறார். நேற்று டயாலிசிஸ். மறுநாள் மூன்று மணிவரை அவர் எழுந்திருக்க மாட்டார்.

பருப்பளவு பாலிஷ் மருந்தைத் திண்டில் வைத்து, முன்கதவின் மேல்மூலையில் ஒரு சாண் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தேய்க்கத் தொடங்கினாள். மேலும் கீழும், பிறகு குறுக்கே. அழுத்தம் வேண்டாம், பொறுமை போதும். வெள்ளையாக அப்பியிருந்த மருந்து மெல்ல மெல்லக் கரைந்து கண்ணாடியில் விட்ட மூச்சுபோல ஆகும்போது துணியால் துடைத்து, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள். தேய்த்த இடம் கிணற்றுத் தண்ணீர்போல் இருந்தது. அதை ஒட்டித் தேய்க்காத இடத்தில் டார்ச்சின் வெளிச்சத்தைச் சுற்றி மயிரிழை மயிரிழையாக வட்டங்கள், சிலந்தி உட்கார்ந்து பின்னியதுபோல. இந்த வட்டங்களெல்லாம் அவர் போட்டவை. அழுக்குத் துணியாலயோ காய்ஞ்ச துணியாலயோ தினமும் துடைச்சா இப்படித்தாம்மா ஆகும் என்று கடைக்காரன் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வருஷம். தினமும் காலையில் பேப்பர் வருவதற்கு முன்னால் பழைய வேட்டிக் கிழிசலை எடுத்துக்கொண்டு வந்து, வட்டம் வட்டமாக, ஒரு குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி துடைப்பார். டயாலிசிஸ் வந்த பிறகும் நிறுத்தவில்லை. இடது கையில் ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், தொட்டால் பூனையின் வயிறுபோல உறுமும், அந்தக் கைக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று வலது கையால் மட்டும் துடைப்பார். அவருக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர், பக்கத்தில் உட்கார்ந்து கடைப்பலகைகளைப் படித்துக்கொண்டே வருவார். 'சுவையாண', பாரு ரூபா, மூணு சுழி போட்டிருக்கான். இவள் சிரித்துக்கொண்டே கியரை மாற்றுவாள். நாற்பத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டாள். ஓட்டக் கற்றுத்தந்தவன் முதல் நாளே, அம்மா இந்த வயசுல எதுக்கும்மா என்று கேட்டான். எதுக்கு என்று அவளுக்கே தெரியாது. முப்பத்தொரு வருஷம் பெண்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவி, கரைசல் கலந்து, பிள்ளைகள் பின்னால் நின்று நின்று கால் வீங்கினவளுக்கு, உட்கார்ந்துகொண்டே போவது, அதுவும் தான் நினைத்த திசையில் போவது, எதுக்கு என்று கேட்கத் தேவையில்லாத சந்தோஷமாக இருந்தது. மழை நாளில் மேம்பாலத்தின் உச்சியில் ஏறும்போது ஊரெல்லாம் கீழே போய், மலைக்கோட்டை மட்டும் ஈரமாக நிற்கும். அதை இனிமேல் பார்க்க முடியாமல் போனால். ஏன் இப்போது அந்த நினைப்பு. கீறல் விஷயம் இது. கீறலைத் தேய், ரூபா.

பின்கதவுக்கு நகர்ந்தாள். அடியில் நீளமாக ஒன்று, ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்துத் தூண். ஒதுக்குப்புறமாகக் கட்டாமல் வழியில் கட்டிவைத்திருக்கிறார்கள். முன்பக்க மூலையில் இருப்பது கொய்யாப்பழ வண்டி. அந்த ஆள் வண்டியைத் தள்ளிக்கொண்டு திடீரென்று ரோட்டுக்கு வந்துவிட்டான், இரண்டு பழம் உருண்டது, கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். பக்கக் கண்ணாடியின் முதுகில் இருப்பது நின்றிருந்த ஷேர் ஆட்டோ. சக்கரத்துக்கு மேலே இரண்டு கோடு, சொந்த வீட்டுக் கேட். கேட்டைக் கொத்தனார் சரியாக வைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. எல்லாம் இடப்பக்கம் என்றால், அதில் என்ன ஆச்சரியம், ஓட்டுகிறவர் உட்காருவது வலப்பக்கம், இடப்பக்கம் தூரம், எல்லாருடைய காரிலும் இடப்பக்கம்தான் கீறல் இருக்கும். எதிர்வீட்டுப் பேராசிரியர் காரில் கூட. பார்த்தாளா என்ன. பார்த்ததில்லை. இருக்கும். மருந்து காய்ந்துவிட்டது, மறுபடி ஒரு பொட்டு வைத்துத் தேய்த்தாள். தூண் போட்ட கோடு மெலிந்தது, போகவில்லை, மெலிந்தது. கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பாள். குழாயில் நிற்கிற திரவத்தின் வளைவை மேலேயிருந்து பார்த்தால் ஒரு அளவு, கீழேயிருந்து பார்த்தால் ஒரு அளவு, கண் மட்டத்தில் பார்த்தால்தான் உண்மை. அவளுக்கு இரண்டு பெஞ்சு தள்ளி நின்றே தெரிந்துவிடும், இந்தப் பெண் அளந்து எழுதவில்லை, விடையை வைத்துக்கொண்டு அளவை எழுதுகிறாள் என்று. பேனா போகிற வேகத்திலேயே தெரியும். நோட்டைப் பிடுங்கி, "பார்த்ததை எழுதும்மா, பார்க்க வேண்டியதை எழுதாதே" என்பாள். அந்தத் தப்பையே ரூபாவதி இரண்டு வருஷத்துக்கு முன்னால், கண் ஆஸ்பத்திரியின் இருட்டறையில்...

அதை நினைக்க வேண்டாம் என்றால் கை தானாக வேகமெடுத்தது. வேகமாகத் தேய்த்தால் சூடாகும். நிறுத்தினாள். படிக்கிற கண்ணாடி மாற்றத்தான் போனாள். போன இடத்தில் டாக்டர், சின்னப் பெண், மதுவைவிடச் சின்னவள், "ரெண்டு கண்லயும் பிரஷர் அதிகமா இருக்கும்மா, ஓரப்பார்வை எப்படி இருக்குன்னு ஒரு டெஸ்ட் பாத்துடலாம்" என்றாள். ஒரு கண்ணை மூடி, கிண்ணம் மாதிரி வெள்ளையாக ஒன்றுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவிலிருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும், எங்காவது சின்ன வெளிச்சம் மினுக்கினால் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். முதலில் மினுக்கியது, அமுக்கினாள். பிறகு ஒன்றும் மினுக்கவில்லை. இயந்திரம் மட்டும் டிக், டிக் என்று உள்ளே ஓடுகிறது. மினுக்கிக்கொண்டுதான் இருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. வகுப்பில் எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கும்போது தனக்கு மட்டும் கேள்வியே புரியாததுபோல இருந்தது. அப்புறம் அவள் அந்த டிக்குக்கு ஏற்றபடி அமுக்க ஆரம்பித்தாள். டிக், அமுக்கு. டிக், அமுக்கு. பார்க்க வேண்டியதை எழுதினாள். தாளைப் பார்த்த டாக்டர் நெற்றியைச் சுருக்கி, "இது சரியா வரலம்மா, அடுத்த வாரம் திரும்ப எடுத்துடலாம், அதுவரைக்கும் இந்தச் சொட்டு மருந்த ராத்திரி ராத்திரி விடுங்க" என்றாள். அந்த வாரம்தான் கோதண்டத்துக்கு மூச்சு வாங்கி, கால் வீங்கி, சிறுநீரகம் என்றார்கள். அடுத்த வாரம் போகவில்லை. சொட்டு மருந்து தீர்ந்தது, வாங்கவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனதில் தனக்கு ஒரு மறைவு கிடைத்தது என்று, அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போதே, மனசின் ஏதோ ஒரு மூலை சந்தோஷப்பட்டது. அதை யாரிடம் சொல்ல முடியும்.

மிச்சமிருந்தது நேற்றைய கீறல். கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே, ஒரு முழம் நீளம், அதன் வாலில் இளஞ்சிவப்பாக ஒரு தீற்றல். சைக்கிளின் நிறம். கோதண்டத்திடம் கேட் என்று சொல்லியிருக்கிறாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது, பள்ளிக்கூடம் விடுகிற நேரம், ரவுண்டானா தாண்டி இடதுபுறம் சந்து. சந்தில் யாருமில்லை. பார்த்தாள், யாருமில்லை. திருப்பினாள். கதவில் சர்ரென்று ஒரு சத்தம், அதற்கப்புறம்தான் அந்தப் பெண் இருந்தாள், இரட்டைச் சடை, சீருடை, சைக்கிளோடு சாய்ந்து சுவரில் தோளை ஊன்றிக்கொண்டு. எங்கிருந்து வந்தாள். வானத்திலிருந்தா. ரூபாவதி இறங்கி ஓடினாள். "அடி பட்டுச்சாடா கண்ணு? எங்க பட்டுச்சு, காட்டு." ஒன்றுமில்லை ஆன்ட்டி என்றாள். முழங்கையில் மட்டும் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. சைக்கிள் மணி வளைந்திருந்தது, அதை அடித்துப் பார்த்துக்கொண்டாள், அடித்தது. பிறகு அந்தப் பெண், கோபமாகக் கூட இல்லை, ஆச்சரியமாகத்தான், "நான் உங்க பக்கத்துலயேதான் வந்துட்டிருந்தேன் ஆன்ட்டி, கை காட்டினேன், நீங்க என்னயப் பாத்தீங்க" என்றாள். நீங்க என்னயப் பாத்தீங்க. ராத்திரி முழுக்க அது காதில் இருந்தது. பார்த்தாள். முகம் அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பியும் இருந்தது. அந்த இடத்தில் ரோடு இருந்தது, சுவர் இருந்தது, சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர்கூட இருந்தது. பெண் மட்டும் இல்லை.

விரலை வைத்து இழுத்தாள். நகம் வழுக்கிக்கொண்டு போய், நடுவில் டக்கென்று நின்றது.

இன்னொரு முறை இழுத்தாள். அங்கேயே நின்றது. போகாது. எத்தனை டப்பா வாங்கினாலும். துணி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, விழுந்த துணியை எடுத்துத் தேய்க்கக் கூடாது, மண் ஒட்டியிருக்கும், அது புதிதாகக் கீறும். எடுக்கவில்லை. கதவின் கைப்பிடியை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, யாரோ சொல்லிச் செய்கிறவள்போல, உள்ளங்கையால் வலது கண்ணை மூடினாள். கைப்பிடி இருந்தது. அதைச் சுற்றி நீலம் இருந்தது. காரின் முன்பக்கம் இடதுகைப் பக்கமாக நீண்டிருக்க வேண்டும், முன்சக்கரம், முகப்பு விளக்கு. இல்லை. கறுப்பாகவும் இல்லை, மங்கலாகவும் இல்லை. கறுப்பாக இருந்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். அங்கே ஒன்றுமே காணாமல் போகவில்லை என்பதுபோல, கார் கைப்பிடியிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே முடிந்துவிட்டது, அதுதான் காரின் அளவு என்பதுபோல நிம்மதியாக இருந்தது. கையை எடுத்தாள். விளக்கு வந்தது. மூடினாள். போயிற்று. அப்படியானால் தூண் வழியில் கட்டப்படவில்லை. கொய்யாப்பழக்காரன் திடீரென்று வரவில்லை. கொத்தனார் கேட்டைச் சரியாகத்தான் வைத்தார். பாவம், அந்த மனுஷனை இரண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனால், இங்கே ஆய்வுக்கூடக்காரியின் மூளை விழித்துக்கொண்டது, ஆனால் அப்படியென்றால் ஐந்தே ஐந்து கீறல் எப்படி. வாரத்துக்கு இரண்டு நாள், போக வர, இரண்டு வருஷம். பாதிக் கண்ணோடு இந்த ஊர் நெரிசலில் ஐந்து கீறலோடு தப்ப முடியுமா. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். தூண், ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது. கொய்யா வண்டி, திரும்பி வரும்போது, வெயில் முகத்தில் அடித்தது. ஷேர் ஆட்டோ, திரும்பும்போது. கேட், உள்ளே வரும்போது. நேற்று, திரும்பும்போது. ஒன்றுகூடப் போகும்போது இல்லை. போகும்போது ஓட்டுவதும் அவள்தான், கண்ணும் இதே கண்தான், ரோடும் அதே ரோடுதான். என்ன வித்தியாசம். திரும்பும்போது அவர் தூங்கிவிடுவார். ரத்தமெல்லாம் வெளியே போய் உள்ளே வந்த அசதியில், பெல்ட்டைப் போட்டதுமே தலை சாய்ந்துவிடும். போகும்போது விழித்திருப்பார், பேசிக்கொண்டே வருவார். இந்தப் பக்கம் ஸ்கூட்டர் வருது ரூபா. அந்தப் பெரியவர் குறுக்க வரப் போறாரு. நாய். சைக்கிள். கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கிக்கோ. எரிச்சலாக வரும், "நான் பாத்துட்டேன், சும்மா வாங்க" என்பாள். பார்த்திருந்தாளா. அவர் சொல்வதற்கு முன்னால் பார்த்திருந்தாளா. கடைப்பலகையில் பிழை கண்டுபிடிக்கிற மனுஷர் எப்போது அதை விட்டுவிட்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்?

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் கோதண்டம் வாசற்படியில் வந்து நின்றார், மேலே துண்டு, ஒரு பக்கக் கன்னத்தில் தலையணைக் கோடு. காரைப் பார்த்து, "அட, கண்ணாடி மாதிரி ஆக்கிட்டியே" என்றார்.

"நீங்க போட்ட வட்டமெல்லாம் போயிடுச்சு" என்றாள். குரல் தன்னுடையது மாதிரி இல்லை.

"நானா போட்டேன்?"

"என்னங்க, எனக்கு இடப்பக்கம் தெரியலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் படியில் மெதுவாக உட்கார்ந்து இடது கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ஒன்றரை வருஷம் இருக்கும். சாப்பிடும்போது உனக்கு இடப்பக்கம் தண்ணி வெச்சா தட்டி விட்டுடுவ. மூணு தடவ ஆச்சு. அப்புறம் நான் வலப்பக்கம் வெக்க ஆரம்பிச்சேன். ஒரு தடவகூட நீ தட்டல."

"ஏன் சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்." துண்டின் நுனியை முறுக்கினார். "அது பொய். சொன்னா நீ ஓட்டுறத நிறுத்திடுவ. நிறுத்தினா மது நம்மள வந்து கூட்டிட்டுப் போயிடுவா. பதினாலாவது மாடியில ஜன்னலத் திறக்காம உக்காந்திருக்கணும். எனக்கு பயம் ரூபா. நான் பாத்துச் சொன்னா போதும்னு நெனச்சேன்."

"அந்தப் பொண்ணு சக்கரத்துல விழுந்திருந்தா?" அவள் கத்திவிட்டாள். "கேட் இல்லங்க, பொய் சொன்னேன், ஒரு சின்னப் பொண்ணு, சைக்கிள்ல. கை காட்டியிருக்கா, நான் பாத்துக்கிட்டே மேல விட்டேன்."

"தெரியும். சத்தத்துல முழிச்சுக்கிட்டேன். நீ இறங்கி ஓடினப்ப பாத்தேன்." அவர் முகம் இன்னும் சின்னதாகிவிட்டது. "நேத்து நான் தூங்கிட்டேன் ரூபா."

தூங்காமல் இருக்க முயன்றிருக்கிறார். அது இப்போது புரிந்தது. போன வாரங்களில் திரும்பி வரும்போது ஏதோ முனகிக்கொண்டே வருவாரே, தொடையைக் கிள்ளிக்கொள்வாரே, வலிக்கிறதோ என்று நினைத்தாள். நான்கு மணி நேரம் ஊசியோடு படுத்துவிட்டு வந்த மனுஷர், அவளுக்காக இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார், பிடிக்க முடியாதபோது ஒரு கீறல். அவர் மேல் கோபப்பட வேண்டும். அவள் மேல் அவர் கோபப்பட வேண்டும். இரண்டு பேருக்குமே முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, கனமே இல்லை என்பதுபோல இத்தனை நாள் நடந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் முழங்கைச் சுண்ணாம்பு திரும்பத் திரும்ப வந்தது. சுவர் இல்லாமல் அந்தப் பக்கம் சாக்கடையாக இருந்திருந்தால், அவள் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால், கொஞ்சம் சின்னவளாக இருந்திருந்தால்.

டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்த செல்போனை எடுத்து அணைத்தாள். கண் ஆஸ்பத்திரி எண் அதிலேயே இருந்தது. இரண்டு வருஷமாக அவர்கள் பரிசோதனை நாளை ஞாபகப்படுத்தி அனுப்பிய செய்திகளை அவள் திறக்காமலே வைத்திருந்தாள், அழிக்கவும் இல்லை. அழைத்தாள். மணி போய்க்கொண்டிருந்தபோது வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. திங்கட்கிழமை பார்க்கலாம், மது போனதும் பார்க்கலாம். எடுத்துவிட்டார்கள்.

"வணக்கம், சொல்லுங்க" என்றது ஒரு பெண்குரல்.

"டாக்டர பாக்கணும். ஓரப்பார்வை டெஸ்ட் திரும்ப எடுக்கணும்."

"முன்னாடி எடுத்திருக்கீங்களாம்மா?"

"எடுத்தேன். ஆனா அது சரியில்ல." ரூபாவதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "வெளிச்சம் தெரியாமலே நான் பட்டன அமுக்கிட்டேன்."

அந்தக் குரல் சிரிக்காமல், "நெறைய பேர் அப்படித்தான் பண்ணுவாங்கம்மா, பயத்துல" என்றது. "எத்தனை நாளா தெரியல?"

"ரெண்டு வருஷம் இருக்கும். தெரிஞ்சே சொல்லாம இருந்தேன்."

கோதண்டம் படியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அவளுக்கு அழுகை வரவில்லை. மருந்து காய்ந்து விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்துடுங்க. பழைய சீட்டு இருந்தா எடுத்துட்டு வாங்க. கண்ணுல மருந்து விடுவோம், மூணு நாலு மணி நேரத்துக்கு மங்கலாத்தான் தெரியும். அதனால வண்டி எதுவும் ஓட்டிட்டு வரக் கூடாது. கூடத் துணைக்கு யாராவது வருவாங்களாம்மா?"

அவர் எழுந்து பக்கத்தில் வந்து நின்றுவிட்டிருந்தார். எப்போது எழுந்தார், எப்போது வந்தார், அவளுக்குத் தெரியவில்லை. முழுக்கத் திரும்பிப் பார்த்தாள். முகம், துண்டு, மடித்து மார்போடு வைத்திருந்த இடது கை, எல்லாம் வந்தது.

"வருவாரு" என்றாள்.